பெரியப்பா கண்டுபிடித்த குற்றவாளிகள்

குற்றாலத்தில் ஒரு குரங்கு எங்கள் முறுக்குத் தூக்குச்சட்டியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அன்றைக்கு அந்தக் குரங்கைத் தவிர எங்கள் குடும்பத்தில் இருந்த அத்தனை பேரும் விசாரிக்கப்பட்டோம்.

விசாரித்தவர் என் பெரியப்பா. அப்பாவின் அண்ணன். தென்காசியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தார். அருவிக்குப் போகிற பாதையில் வசதியான பாறையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். சட்டி கடைசியாக யார் கையில் இருந்தது, மூடியைத் திறந்தது யார், மரத்தடியில் நிற்கலாம் என்று முதலில் சொன்னது யார் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மாவிடம் மட்டும் அப்பா வழியாக, கேட்டார். சாரல் தூறிக்கொண்டிருந்தது. தலையிலும் உடம்பிலும் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு எல்லோரும் நடுங்கிப்போய் நின்றோம். குரங்கு எங்களுக்கு நேர் மேலே உட்கார்ந்து முறுக்கை ஒவ்வொன்றாகத் தின்றது. தீர்ப்பு அப்பாவுக்கு எதிராக வந்தது. துண்டை எடுப்பதற்காகச் சட்டியைக் கை மாற்றியது அவர்தானாம்.

"தானா எதுவும் நடக்காதுலே. ஆளு இருக்கும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பெரியப்பா நிம்மதியாகக் குளிக்கப் போனார். நாங்களும் பின்னால் போனோம். குரங்கு கீழே போட்டுவிட்ட சட்டி மரத்தடியிலேயே கிடந்தது. அதை எடுத்துவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அம்மாதான் திரும்பிப் போய் எடுத்து வந்தாள்.

இந்த மனிதரைப் பற்றி மரியாதை விகுதி போட்டுத்தான் எழுதுகிறேன். அது கைப்பழக்கம். மனசுக்குள் அவருக்கு நான் எந்த விகுதியும் போடுவதில்லை.

கோர்ட்டில் அவர் வேலை கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வக்கீலுக்குப் பின்னால் நடப்பது. நகல் எழுதுவார், வாய்தா தேதி குறித்துக்கொள்வார், சாட்சிகளுக்குக் காப்பி வாங்கிக் கொடுப்பார். வாயைத் திறக்க அங்கே இடம் கிடையாது. அங்கே திறக்க முடியாத வாயை வீட்டுக்கு வந்து திறந்தார். துண்டை நாலாக மடித்து மடியில் வைப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அந்தத் துண்டின் மேல் வைப்பார். கோர்ட் கூடிவிட்டது என்று அர்த்தம். தயிர் உறையாவிட்டால் கோர்ட் கூடும். கடிகாரம் நின்றால் கூடும். பசு கன்று போடப் பிந்தினால்கூடக் கூடும்.

ஒரு ஐப்பசி மழையில் அடுக்களைக் கூரையில் ஓடு உடைந்து ஆட்டுரலுக்குள் தண்ணீர் ஒழுகியது. பூனையா, தென்னை மட்டையா, பக்கத்து வீட்டுப் பையன்கள் எறிந்த கல்லா என்று மூன்று நாள் விசாரணை. மூன்றாம் நாள், தேங்காய் பறிக்க வந்தவன் போகிற வழியில் ஓட்டின் மேல் கால் வைத்தான் என்று முடிவானது. பெரியப்பாவுக்குப் பசி வந்துவிட்டது. எப்போதுமே அப்படித்தான், ஆள் அகப்பட்டதும் இலை போடச் சொல்லுவார். ஓட்டை அப்படியே இருந்தது. தை மாதம் வரைக்கும் அதன் கீழே வாளியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தோம். யார் உடைத்தது என்று தெரிந்த பிறகு அந்த ஓடு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

அவருக்குக் குழந்தை கிடையாது. ஒன்று பிறந்து அன்றைக்கே போய்விட்டதாம். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. அதற்கும் துண்டை மடித்து வைத்து விசாரித்திருக்கிறார். ஏழாம் மாதத்தில் பெரியம்மா பப்பாளி தின்றாள் என்று கண்டுபிடித்தார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து, பச்சை உடம்போடு கிடந்தவளிடம் போய், எத்தனை துண்டு தின்றாய் என்று கேட்டாராம். பெரியம்மா என்னிடம் இதைச் சொன்னபோது அழவில்லை. "ரெண்டு துண்டு" என்றாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

இனி என் கால்.

நான் ஒன்றரை வயசு தாண்டித்தான் நடந்தேன். நடந்தபோது இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்தேன். தெருவில் எனக்குத் தாரா என்று பெயர் வைத்தார்கள். தாரா என்றால் எங்கள் பக்கம் வாத்து. இடது கால் வலதுகாலைவிடக் கொஞ்சம் குட்டை. மல்லாக்கப் படுக்கப் போட்டு முழங்காலை மடக்கினால் ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் தெரியும். தென்காசியில் அப்போதே ஆஸ்பத்திரி இருந்தது, டாக்டர் இருந்தார். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். யாரும் போகவில்லை. கோர்ட் கூடிவிட்டதே.

எங்கள் வீட்டு விசாரணை எப்படி நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மா அவருக்குத் தம்பி பெண்டாட்டி. அவர் எதிரே வந்து நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசவும் கூடாது. அவரும் அம்மாவைப் பார்த்துப் பேச மாட்டார். அம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் கேட்பது அம்மாவுக்கு நன்றாகக் கேட்கும். அம்மா சொல்வது அவருக்கும் நன்றாகக் கேட்கும். அப்படியும் அப்பா நிலைப்படியில் நின்று இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்பா அண்ணனுக்குப் பயந்தவர். அதனால் அம்மாவின் பதில் அவர் வாய் வழியாக வரும்போது பாதியாகிவிடும். எது அண்ணனுக்குப் பிடிக்காதோ அந்தப் பாதி போய்விடும்.

"ஏலே, அவகிட்ட கேளு. போன சீசனுக்குக் குத்தாலத்துல பிள்ளைய யாரு வச்சிருந்தா?"

"அவதான் வச்சிருந்தாளாம், அண்ணாச்சி."

"வழுக்கி விழுந்தாளா இல்லியா?"

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொல்லியிருக்கிறாள்: "பாசியில வழுக்கி உக்காந்துட்டேன். பிள்ள எம் மடியிலதான் இருந்துச்சு. அதுமேல ஒரு தூசி படல. அழக்கூட இல்ல."

அப்பா திருப்பிச் சொன்னார்: "வழுக்குனது உண்மதானாம், அண்ணாச்சி."

சாட்சிகள் வேறு. மாட்டுவண்டிக்காரர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், பழம் விற்கிறவர் என்று மூன்று பேரைத் தேடிப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். பெண்கள் குளிக்கிற பக்கத்தில் நடந்த காரியத்துக்கு அவருக்குக் கிடைத்த மூன்று சாட்சியும் ஆண்கள். அவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் தலையை நீட்டியிருக்க முடியாது. அம்மாவோடு கூட நின்று குளித்தவள் பெரியம்மா. "பிள்ள அவ மடியில பத்திரமா இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றாளாம். "நீ சும்மா கெட" என்றாராம்.

அம்மா போட்டுவிட்டாள் என்று தீர்ப்பாயிற்று. ஆஸ்பத்திரிக்குக் காட்டலாமா என்று அப்பா மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"காரணந்தான் தெரிஞ்சு போச்சே. பொறவு டாக்டர் வந்து என்னத்தச் சொல்லப் போறான்?"

இதைவிடத் தடித்த ஒரு வாக்கியத்தை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. இந்த ஒரு வாக்கியத்தால் இருபது வருஷம் போனது.

டாக்டர் கிடையாது. ஆனால் வைத்தியம் உண்டு, அதுவும் பெரியப்பா சொன்னதுதான். எந்தக் கல்லில் விழுந்ததோ அந்த இடத்திலேயே தண்ணீர் அடிக்க வேண்டும், விலகிய எலும்பை அருவி தட்டி உட்கார வைத்துவிடும் என்றார். அருவித் தண்ணீர் உடம்பு வலிக்கு நல்லது என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். அதனால் யாருக்கும் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. வருஷா வருஷம் ஆனி ஆடியில் தொடர்ந்து நாற்பது காலை. போட்டவள்தான் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. அம்மா என்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அருவிக்குள் நுழைந்து, என் இடது இடுப்பு தண்ணீருக்கு நேரே வருகிற மாதிரி திருப்பிப் பிடிப்பாள். கல்லை அள்ளிக் கொட்டுகிற மாதிரி விழும். நான் அலறுவேன். தண்ணீரில் பாதிதான் என் இடுப்பில் விழுந்தது, மீதிப் பாதி அம்மா தலையில் விழுந்தது. வெளியே வரும்போது அவள் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். பேச்சு வராது.

பெரியப்பா வண்டியில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏலே, கேளு. இடுப்புக்கு நேரா விழுந்துச்சான்னு கேளு."

ஊரெல்லாம் குற்றாலத்துக்குச் சந்தோஷமாகப் போகும். நான் இன்றைக்கும் அந்த இரைச்சல் காதில் விழுந்தால் இடது இடுப்பைக் கையால் பொத்திக்கொள்கிறேன். சின்ன வயசில் எனக்குத்தான் வைத்தியம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தண்டனை அம்மாவுக்கு நடந்திருக்கிறது என்று புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று.

அம்மாவின் வாக்குமூலம் மாறிக்கொண்டே வந்தது. எனக்கு ஆறு வயசிருக்கும்போது, நான் எப்படி விழுந்தேன் என்று கேட்டேன். "நீ எங்கட்டி விழுந்த? நாந்தான் வழுக்கி உக்காந்தேன். நீ எம் மடியில சிரிச்சுக்கிட்டு இருந்த" என்றாள். பத்து வயசில் கேட்டபோது, "உன் காலு கல்லுல லேசா உரசியிருக்குமோ என்னமோ" என்றாள். ஹைஸ்கூல் படிக்கும்போது ஒருநாள் எனக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே அவளாகவே சொன்னாள்: "கை நழுவிட்டுதுட்டி. சனியன் பிடிச்ச கை." நான் பின்னால் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கே பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். எனக்கும் அப்போது அம்மாதான் போட்டாள் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. வலி வருகிற நாட்களில் அவள் மேல் எரிந்து விழுவேன். பெரியப்பாவை வெறுக்கிற அளவுக்கு அதற்காக என்னையும் வெறுக்கிறேன்.

இத்தனைக்கும் பதில் எங்கள் வீட்டு வாசலிலேயே வருஷத்துக்கு ஒருமுறை வந்து இறங்கியது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கூடப்பிறந்தவள், என் அத்தை. புளியங்குடியில் எலுமிச்சை மண்டி வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டவள். மாசித் திருவிழாவுக்கு வருவாள். வண்டியை விட்டு இறங்கி, தொடையில் கையை ஊன்றி, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து படியேறுவாள். நானும் அவளும் சேர்ந்து கோயிலுக்குப் போனால் ரதவீதியில் நின்று பார்ப்பார்கள். "ரெண்டு தாரா போவுது பாரு" என்று ஒருத்தி சொல்ல, அத்தையே சிரித்துவிட்டாள்.

அந்தக் காலுக்கும் பெரியப்பாவிடம் ஒரு குற்றவாளி இருந்தாள். அத்தை பிறந்தபோது மருத்துவச்சி காலைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். அத்தை பிறந்தபோது பெரியப்பாவுக்கு ஏழு வயசு. தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்திருப்பார்.

பன்னிரண்டு வயசில் நான் அவரிடமே கேட்டேன். "பெரியப்பா, நானும் அத்தையும் ஒரே மாதிரிதான நடக்கோம்?"

"அது வேற கேஸு, இது வேற கேஸு. ரெண்டையும் கலக்கப்பிடாது."

ஒரே வீடு, ஒரே ரத்தம், ஒரே நடை. ஒரு பிள்ளைக்கே தெரிந்தது. இருபத்தைந்து வருஷம் கோர்ட்டில் கட்டு தூக்கிய மனிதருக்குத் தெரியவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்வதற்காவது கொஞ்சம் புத்தி வேண்டும்.

பத்தொன்பது வயசில் என்னைப் பெண் பார்க்கத் திருவேங்கடத்திலிருந்து வந்தார்கள். உட்கார்ந்தே இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் நமஸ்காரம் பண்ண எழுந்து நாலு எட்டு வைக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் காலைப் பார்த்தாள். பெரியப்பா உடனே கையைத் தூக்கினார்.

"பிறவி ஊனம் கெடையாது. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதிய. எங்க வம்சத்துல அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. பெத்தவ கையில இருந்து கீழ போட்டுட்டா. அம்புட்டுதான்."

அதை ஒரு நல்ல செய்தி மாதிரி சொன்னார். எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அம்மா போட்டாள் என்றால் குடும்பத்துக்குப் பழி இல்லை. என் பிள்ளைகளுக்கும் வராது, பெரியப்பாவின் வம்சமும் சுத்தம். அப்பா ஏன் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்பதற்கும் அதில் பதில் இருந்தது. அம்மா போண்டாத் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தட்டைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் திரும்ப வரவில்லை. ஏன் வரவில்லை என்று பெரியப்பா விசாரித்தார். போண்டாவில் உப்பு கூடிப்போச்சு, போட்டது அம்மா.

அதற்கு அடுத்த வருஷம் குத்துக்கல்வலசையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நிற்க வேண்டும். சாயங்காலத்துக்குள் தொடை இடுக்கில் ஊசி வைத்துக் குத்துகிற மாதிரி வலிக்கும். இரண்டு வருஷத்தில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. தலைமை ஆசிரியை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மதுரையில் எலும்புக்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறார் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தை அப்பாவிடம் நீட்டினேன். அப்பா வழக்கம்போல, "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்" என்றார். கேட்டால் நான் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடப்பேன் என்றேன். அப்பா பயந்துபோய் அண்ணனிடம் சொல்லாமலே டிக்கெட் எடுத்தார். பெரியப்பாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றார்.

"கேஸ் விவரம் எனக்குத்தான தெரியும். நீங்க போயி என்னத்தச் சொல்லுவிய?"

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. இடுப்பெலும்பை வெட்டி நகர்த்தி ஒரு கூரை மாதிரி வைத்தார்கள். தொடை எலும்பை அறுத்துத் திருப்பினார்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டில் மாசக்கணக்காகக் கிடந்தேன். புழுக்கத்தில் உள்ளே அரிக்கும்போது அம்மா பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்துவிடுவாள். பிறகு முப்பது வருஷம் நின்றுகொண்டுதான் பாடம் எடுத்தேன். சாய்வு கொஞ்சம் இருக்கிறது, வலி போனது. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அதற்குக் கால் காரணமில்லை. ஆபரேஷன் முடிந்த கையோடு பெரியப்பா ஊரெல்லாம் போய், நல்லா நடந்துக்கிட்டிருந்த பிள்ளையை மதுரைக்குக் கொண்டுபோய்க் கத்தி வைக்கத் தூண்டியது யார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். குற்றவாளி எங்கள் தலைமை ஆசிரியை. அதற்கப்புறம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். தானாகத்தான் நடந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் அறையில் நடந்ததை.

எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். நான், அப்பா, பெரியப்பா மூன்று பேரும் உள்ளே போனோம். பெரியப்பா உள்ளே இருப்பதால் அம்மா கதவுக்கு வெளியே, திரைக்குப் பின்னால் நின்றாள். ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு அந்த இடம்தான்.

பெரியப்பா துண்டை மடியில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், சுருக்கமா கேஸைச் சொல்லிருதேன்" என்று ஆரம்பித்தார். சீசன், பாசி, வண்டிக்காரர் சாட்சி எல்லாம் வந்தது. டாக்டர் முழுக்கக் கேட்டார். பிறகு எழுந்து எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

"விழுந்ததால வந்தது இல்லைங்க இது. இங்க பாருங்க. இடுப்புல ஒரு கிண்ணம், தொடை எலும்போட தலை அதுக்குள்ள உக்காரணும். இவங்களுக்குக் கிண்ணம் ஆழமே இல்லை, தட்டா இருக்கு. தலையும் உருண்டையா இல்லை, ஒரு பக்கம் சப்பை. அதுக்குக் கீழ கழுத்து முன்பக்கமா முறுக்கிட்டு நிக்குது. ஒண்ணு பிசகினதும் இன்னொண்ணு அதுக்குத் தக்கபடி வளர்ந்திருக்கு. நான் கத்தி வச்ச இந்த மாதிரி இடுப்பு எல்லாத்துலயும் கிண்ணமும் கோளாறு, தலையும் கோளாறு, ஆளுக்கு ஒரு தினுசு. அடிபட்டு இப்படி ஆகாது. பிறவியிலேயே வர்றது. பச்சைக் குழந்தையா இருக்கும்போது கொண்டுவந்திருந்தா கத்தியே வேண்டியதில்லை, கட்டுப் போட்டே சரி பண்ணியிருக்கலாம்."

பெரியப்பா விடவில்லை. "கல்லுல மோதுனா எலும்பு சப்பையாவாதா, டாக்டர்?"

"சரி, இந்த வலது பக்கத்தைப் பாருங்க" என்றார் டாக்டர். "இதுவும் ஆழம் கம்மிதான். இடது அளவுக்கு மோசமில்லை, அதனால வெளிய தெரியலை. விழுந்தவங்களுக்கு ஒரு பக்கம் அடிபடும். இவங்களுக்கு ரெண்டு பக்கமும் பிசகியிருக்கு. உங்க குடும்பத்துல வேற யாராவது இப்படி நடப்பாங்களா?"

"எந் தங்கச்சி ஒருத்தி நடப்பா. ஆனா அது வேற கேஸு. அது மருத்துவச்சி இழுத்தது."

டாக்டர் எக்ஸ்ரேயைக் கீழே இறக்கினார். பெரியப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மனசில் வைத்திருக்கிறேன். எனக்கு அப்பேர்ப்பட்ட சந்தோஷத்தை வேறு யாரும் தந்ததில்லை. பெரியப்பா துண்டின் மேலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு அழுதார். அப்பாவின் அழுகை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளைக்கு என் இடுப்பை வெட்டப் போகிறார்கள் என்பது மறந்தே போயிற்று. இந்தப் பேச்சு அந்தப் பக்கம் நிற்கிறவள் காதில் விழுந்ததா என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. கால் சரியாகாவிட்டாலும் போகட்டும், அவள் இங்கிருந்து பழி இல்லாத கையோடு வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தது. "டாக்டர், எங்கம்மா வெளிய நிக்கா. இத அவகிட்ட ஒரு தடவ சொல்லுங்க" என்றேன்.

டாக்டரே எழுந்து போய்த் திரையை விலக்கினார். "உள்ள வாங்கம்மா. நீங்க போடலை. வயித்துல இருக்கும்போதே எலும்பு இப்படித்தான் வளர ஆரம்பிச்சிருக்கு. உங்க மேல ஒரு தப்பும் இல்லை."

அம்மா உள்ளே வந்தாள். பெரியப்பா இருக்கிற இடத்தில் அவர் எதிரே வந்து அவள் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அப்பாவை நடுவில் வைக்காமல் தானே பேசினாள்.

"இல்ல டாக்டர். நாந்தான் போட்டேன்."

"அம்மா" என்றேன்.

"நீ சும்மா இருட்டி, உனக்கு என்ன தெரியும்? அப்ப நீ கைப்பிள்ள." டாக்டர் பக்கம் திரும்பினாள். "எனக்கு நல்லா ஞாவகம் இருக்கு. பாசியில காலு வழுக்கிச்சு, பிள்ள கையில இருந்து போயிட்டு. கல்லுல பட்ட சத்தம் இன்னும் எங் காதுல கேக்குது. வீறிட்டு அழுதா. நாந்தான் தூக்குனேன்."

டாக்டர் எக்ஸ்ரேயை மறுபடியும் எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பொறுமையாக, ஒரு பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, விரல் வைத்துக் காட்டினார். "இது இடது, இது வலது. ரெண்டுமே பிசகு. பாருங்கம்மா. கீழ விழுந்திருந்தா ஒரு பக்கம்தானே அடிபட்டிருக்கும்?"

அம்மா கிட்டே வந்து பார்த்தாள். இடது பக்கத்தைப் பார்த்தாள், வலது பக்கத்தைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு பக்கமும் பட்டிருக்கும் டாக்டர்" என்றாள். "பெரிய கல்லு அது."